பெங்களூரு கோட்டை வாசலுக்கு ஒரு மருமகள் தலை கொடுத்தாரா? 'நரபலி' கதை எங்கிருந்து வருகிறது?

கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, பூ வியாபாரிகளையும் ஆட்டோக்களையும் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால், ஒரு பெரிய கல் வாசல் தெரியும். டெல்லி கேட் என்று பெயர். இரும்பு முள் பதித்த கதவு, உள்ளே ஒரு பிள்ளையார் கோயில், சில நிலவறைகள். அரை மணி நேரத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம். பெங்களூரு கோட்டையில் இன்று மிச்சம் இருப்பது இந்த வாசலும் இரண்டு கொத்தளங்களும்தான்.

இந்தக் கோட்டையைப் பற்றி ஆபீஸில் கேட்டால், கன்னடம் பேசும் நண்பர்களில் ஒருவராவது ஒரு கதை சொல்வார். கெம்பேகவுடா கோட்டை கட்டினார். தெற்கு வாசல் மட்டும் நிற்கவில்லை. பகலில் கட்டியது ராத்திரியில் விழுந்தது. கர்ப்பிணி ஒருத்தியைப் பலி கொடுத்தால்தான் வாசல் நிற்கும் என்று சொல்லப்பட்டது. கெம்பேகவுடா மறுத்துவிட்டார். ஆனால் கர்ப்பமாக இருந்த அவருடைய மருமகள் லட்சுமம்மா அதைக் கேட்டுவிட்டு, நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் வாசலுக்குப் போய், தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டார். விடிந்து பார்த்தால் வாசல் நின்றது. மாமனார் கதறி அழுதார். கோரமங்கலாவில் அவருக்கு நினைவிடம் எழுப்பினார்.

ஆமாம், அதே கோரமங்கலாதான். ஸ்டார்ட்அப் ஆபீஸ், மைக்ரோபுருவரி, மாதம் முப்பதாயிரம் வாடகை என்று நீங்கள் அறிந்த இடம். ஆறாவது பிளாக்கில் ஒரு பார்க்குக்குள் லட்சுமம்மாவின் சமாதி இருக்கிறது. மாநகராட்சித் தலைமை அலுவலகத்தில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

இது நடந்ததா, இல்லையா? நடக்கவில்லை என்றால் ஏன் இத்தனை காலம் நிற்கிறது? அதைவிட முக்கியமாக, இப்படி ஒரு கதை 2018-இலும் 2019-இலும் உயிரைக் குடித்தது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்தக் கோட்டை?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். நீங்கள் பார்க்கும் டெல்லி கேட், லட்சுமம்மா கதையில் வரும் வாசல் இல்லை.

கெம்பேகவுடா விஜயநகரப் பேரரசுக்குக் கீழே யலஹங்கா பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர். 1537-இல் அவர் கட்டியது மண் கோட்டை. அதற்குள்தான் பேட்டை: சிக்கபேட்டை, தொட்டபேட்டை, அரளேபேட்டை என்று இன்றும் நாம் துணி வாங்கவும் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் போகும் தெருக்கள். அல்சூர், யலஹங்கா, கெங்கேரி, ஆனேகல் என்று நாலு பக்கமும் வாசல்கள், சுற்றி அகழி. 19-ஆம் நூற்றாண்டில் நகரம் விரிந்தபோது அந்தச் சுவர் போய்விட்டது, அகழியும் தூர்ந்துவிட்டது.

நடுவில் ஊர் பல கை மாறியது. 1638-இல் பீஜப்பூர் படை பிடித்தது. சிவாஜியின் தந்தை ஷாஹாஜிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1687-இல் முகலாயர்கள் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து மைசூரின் சிக்கதேவராஜ உடையார் மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. இன்றைக்கு அந்த ரேட்டில் ஒயிட்ஃபீல்டில் ஒரு கார் பார்க்கிங் கிடைத்தாலே அதிகம்.

பேட்டைக்குத் தெற்கே தனியாக எழுந்த கோட்டையை 1761-இல் ஹைதர் அலி கல்லில் மாற்றிக் கட்டினார். டெல்லி கேட் இந்தக் கல் கோட்டையைச் சேர்ந்தது. ஆக, கதையின் வாசலுக்கும் நீங்கள் செல்ஃபி எடுக்கும் வாசலுக்கும் இடையே இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. கதை சொல்லப்பட்ட வாசலில் ஒரு கல்கூட இப்போது இல்லை. தோண்டிப் பார்த்து நிரூபிக்க எதுவும் மிஞ்சவில்லை.

நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா?

வரலாறு எழுதுபவர்கள் இதை வாய்மொழி மரபாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அதில் அவமானம் ஒன்றும் இல்லை, வாய்மொழியும் ஒரு சான்றுதான். ஆனால் அது எதற்குச் சான்று என்பதில் கவனம் தேவை. 1537-இல் என்ன நடந்தது என்பதைவிட, அதற்குப் பின் வந்தவர்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதைத்தான் அது நமக்குச் சொல்கிறது.

இதே ஊரில் கதையையும் கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. பசியோடு வந்த ஹொய்சள மன்னன் வீர பல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால்தான் 'பெந்தகாளூரு', அதுவே பெங்களூரு ஆனது என்று ஒரு கதை கேள்விப்பட்டிருப்பீங்க. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'பெங்களூரு'வில் நடந்த போரையும் அதில் இறந்தவரையும் அது குறிப்பிடுகிறது. பல்லாளன் காலத்துக்கு சுமார் முந்நூறு வருஷம் முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. பயறு கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

லட்சுமம்மா கதைக்கு அப்படி எதிராகச் சொல்லவும் கல் இல்லை, ஆதரவாகச் சொல்லவும் கல் இல்லை. அதனால் வேறு வழியில் போக வேண்டும்: இதே கதை வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

ஏழு ஊர், ஒரே கதை

டேட்டா பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஒரு புள்ளி இருந்தால் நம்ப மாட்டோம். பக்கத்தில் இன்னும் நாலைத் தேடுவோம். இங்கே தேட ரொம்ப தூரம் போகவே வேண்டாம்.

வட கர்நாடகத்தில் 'கெரெகெ ஹார' என்று ஒரு நாட்டுப்புறக் கதைப்பாடல் இருக்கிறது. 'ஏரிக்குப் பலி' என்று அர்த்தம். ஊர்த்தலைவர் ஏரி வெட்டுகிறார், தண்ணீர் வரவில்லை. மருமகளைக் கொடுத்தால் வரும் என்று ஜோசியம் சொல்கிறது. கடைசி மருமகள் பாகீரதி தெரிந்தே ஏரிக்குள் இறங்குகிறாள். படிப்படியாகத் தண்ணீர் ஏறி அவளை மூடுகிறது. போருக்குப் போயிருந்த கணவன் திரும்பி வந்து, விஷயம் தெரிந்து, அதே ஏரியில் குதிக்கிறான்.

அல்பேனியாவின் ஷ்கோடர் நகரில் ரொசாஃபா கோட்டை. மூன்று சகோதரர்கள் கட்டுகிறார்கள், சுவர் ராத்திரி ராத்திரி விழுகிறது. நாளைக்குச் சாப்பாடு கொண்டுவரும் மனைவியைச் சுவருக்குள் வைக்க வேண்டும், வீட்டில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். மூத்தவர்கள் இரண்டு பேரும் ரகசியமாகப் பெண்டாட்டிகளிடம் சொல்லிவிடுகிறார்கள். இளையவன் வாக்கைக் காப்பாற்றுகிறான். அவன் மனைவி ரொசாஃபா ஒன்று மட்டும் கேட்கிறாள்: வலது மார்பு, வலது கை, வலது கால் மூன்றையும் சுவருக்கு வெளியே விடுங்கள், என் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் தடவவும் தொட்டில் ஆட்டவும் வேண்டும்.

ருமேனியாவில் அர்ஜெஷ் மடாலயம், கொத்தனார் மனோலேயின் மனைவி. கிரேக்கத்தில் ஆர்த்தா பாலம், தலைமைக் கொத்தனாரின் மனைவி. ஜப்பானில் மருவோகா கோட்டை: ஒற்றைக் கண் பார்வையுள்ள ஏழை விதவை ஓ-ஷிசு, மகனைச் சாமுராய் ஆக்குவதாகச் சொன்னதை நம்பித் தூணுக்கு அடியில் போகிறாள். வாக்கு காப்பாற்றப்படவில்லை. வருஷா வருஷம் மழையில் அகழி நிரம்பி வழிந்தால், 'ஓ-ஷிசு அழுகிறாள்' என்பார்கள். பேய்க்கதையாகவே மாறிப்போன வடிவம் இது.

பேய்க் கோட்டைக்குப் பெயர் போன ஸ்காட்லாந்திலும் இது உண்டு. அங்கே கிளாமிஸ் கோட்டையின் ரகசிய அறைக் கதைக்காகவே டூரிஸ்ட்கள் போகிறார்கள். ஆனால் நம் கதைக்கு நெருக்கமானது அயோனா தீவில் இருக்கிறது. புனித கொலம்பா தேவாலயம் கட்டும்போது சுவர் விழுந்துகொண்டே இருந்தது. ஓரன் என்ற துறவி உயிரோடு புதைய முன்வந்தார் என்பது அந்த ஊர்க் கதை. சில நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் அவர் கண்ணைத் திறந்து, நீங்கள் சொல்லும் சொர்க்கமும் நரகமும் சொன்னபடி இல்லை என்கிற மாதிரி பேசினாராம். கொலம்பா உடனே மண்ணைப் போட்டு மூடச் சொன்னாராம்.

இவ்வளவு பரவலான கதை என்பதால் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் இதைத் தனி வகையாகவே படிக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் டண்டஸ் இந்தக் கதைகள் பற்றிய கட்டுரைகளை மட்டும் தொகுத்து 1996-இல் ஒரு புத்தகமே போட்டார்.

பெங்களூரையும் சேர்த்து ஏழு கதை. ஒரு தாளில் நெடுக எழுதிப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஏழில் ஆறு பேர் பெண்கள். அந்த ஆறில் ஐந்து பேர் மருமகள் அல்லது மனைவி, அதாவது கல்யாணம் செய்து அந்த வீட்டுக்கு வந்தவர்கள். ஆறாவது ஒரு விதவை. ஒருவர்கூடக் கட்டியவனின் மகள் இல்லை. இது முறையான சாம்பிள் இல்லை, நானே பொறுக்கியது. இதை வைத்து சதவீதம் போட்டு ட்வீட் செய்துவிடாதீர்கள். ஆனாலும், வீட்டுக்காக எதையாவது கொடுக்க வேண்டும் என்றால் வெளியிலிருந்து வந்தவளைக் கைகாட்டுவது மலை கடல் தாண்டியும் ஒரே மாதிரி இருக்கிறது.

லட்சுமம்மா கதை இதிலிருந்து ஓரிடத்தில் விலகுகிறது. அவரை யாரும் ஏமாற்றவில்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை. மாமனார் வேண்டாம் என்கிறார். அவரே போகிறார். இதைத் தியாகம் என்று கொண்டாடலாம். மாமனார் கையில் ரத்தம் படாமல் வாசலும் நின்றுவிடுகிற வசதியான வடிவம் என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவது வாசிப்புதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் கோரமங்கலா சமாதியில் விளக்கேற்றும் ஒருவரிடம் போய் அதைச் சொல்ல மாட்டேன்.

தெய்வமா, பேயா?

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கிராமச் சாலைகளில் இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் வைத்த சுமைதாங்கியைப் பார்த்திருப்பீங்க. தலைச்சுமையோடு நடந்தவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற வைத்த கல். பல ஊர்களில் அது சும்மா வைத்தது இல்லை. பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பம் வைத்தது. அவள் இறக்காமல் போன சுமையை ஊர் இறக்கி வைக்கட்டும் என்று.

காலத்துக்கு முன்னால் இறந்தவர்களை, அதிலும் கர்ப்பிணிகளை, நம் ஊர்கள் இரண்டில் ஒரு வழியில்தான் கையாண்டிருக்கின்றன. கல் நட்டு, பொங்கல் வைத்து, பெயர் சொல்லிக் கும்பிட்டால் அவள் அம்மன். அது நடக்காமல் விட்டால் புளியமரத்துப் பேய். இறந்த விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். பின்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பெங்களூருவில் இந்த இரண்டாவது வகையும் உண்டு. 1990-களில் நகரத்தின் பல பகுதிகளில் வீட்டுக் கதவில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள். 'நாளைக்கு வா'. ராத்திரியில் ஒரு பெண் பேய், தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும், திறந்தால் முடிந்தது. எழுதியிருப்பதைப் படித்தால் போய்விட்டு நாளைக்கு வரும், நாளைக்கும் அதையே படிக்கும். 2018-இல் வந்த 'ஸ்த்ரீ' இந்திப் படம் இந்த வதந்தியிலிருந்து பிறந்ததுதான். கோட்டை வாசலில் இறந்தவள் ஊரைக் காக்கிறாள், வீட்டு வாசலில் வந்து நிற்பவள் ஊரைப் பயமுறுத்துகிறாள். முதலாமவளுக்குப் பெயர் இருக்கிறது, மற்றவளுக்கு இல்லை.

இன்டர்நெட்டில் 'பெங்களூருவில் பேய் உலாவும் பத்து இடங்கள்' வகைப் பட்டியல்களில் செயின்ட் மார்க்ஸ் ரோட்டின் ஒரு பழைய பங்களா தவறாமல் வரும். 2002-இல் அங்கே வசித்த ஒரு முதிய பெண் கொலை செய்யப்பட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு பேய் தேடுபவர்கள் கேமராவோடு வர ஆரம்பித்தார்கள். 2014-இல் இடித்துவிட்டார்கள். ஒரு குற்ற வழக்கு பத்தே வருஷத்தில் பொழுதுபோக்கு ஆனதைக் கண்முன்னே பார்த்தோம். கல்லறையோ கோயிலோ எழாத இடத்தில் பட்டியல்தான் எழுகிறது.

கோட்டையில் உண்மையிலேயே இறந்தவர்கள்

கதையை விட்டுவிட்டுக் கணக்குக்கு வந்தால், இந்தக் கோட்டையில் மரணங்களுக்கு நல்ல பதிவு இருக்கிறது. 1791 மார்ச் மாதம், மூன்றாவது மைசூர்ப் போர். கார்ன்வாலிஸ் தலைமையில் கம்பெனிப் படை வந்தது. மார்ச் 7-ஆம் தேதி பேட்டையைப் பிடித்தார்கள். வாசலை உடைக்கும் சண்டையில் லெப்டினென்ட் கர்னல் மூர்ஹவுஸ் இறந்தார். மார்ச் 21 இரவு கல் கோட்டைச் சுவரில் பீரங்கியால் உண்டாக்கிய உடைப்பு வழியாக உள்ளே புகுந்தார்கள். கோட்டையைக் காத்த கில்லேதார் பகதூர் கான் சண்டையிட்டே இறந்தார். மைசூர்த் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் கிடந்ததாகக் கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள். சுவர் உடைந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு மார்க்கெட் பக்கம் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் தள்ளுவண்டிகள் போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூர்ஹவுஸின் மரணத்தை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் பெரிதாக வரைந்தார். இறந்த பிரிட்டிஷ் படையினருக்காக நகரில் ஒரு நினைவுத்தூண் எழுந்தது, அந்தத் தெருவுக்கே செனடாஃப் ரோடு என்று பெயர். 1964-இல் தூணை இடித்தார்கள். தெரு இன்று நிருபதுங்கா ரோடு. அந்த இடத்துக்கு அருகில் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் இன்று கெம்பேகவுடா சிலையாக நிற்கிறார். அதே வளாகத்தில்தான் மருமகளும்.

அந்த இரவு இறந்த ஆயிரம் பேரில் பகதூர் கானைத் தவிர ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். மதராஸிலிருந்து நடந்தே வந்த நம் ஊர்ச் சிப்பாய்களில் ஒரு பெயர்? 2012-இல் மெட்ரோவுக்காகத் தோண்டியபோது இரண்டு பழைய பீரங்கிகள் கிடைத்தன, ஊரே கூடி நின்று போட்டோ எடுத்தது. பேய்க்கதைக்கு இவ்வளவு பொருத்தமான இடம் இருந்தும், ஆவியாக யாரும் அவர்களைச் சொல்வதில்லை. பேயாக வருவதற்குக்கூட யாராவது நம்மை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

சுவர் ஏன் விழுந்தது?

1537 மண் கோட்டையின் வாசல் நிஜமாகவே விழுந்திருக்கலாம். அதற்கு ஆவி தேவையில்லை. மண் சுவரை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. ஒரு அடுக்கு போட்டு, காயவிட்டு, அடுத்த அடுக்கு போட வேண்டும். காயாத சுவர் மேல் பாரம் ஏற்றினால் பிதுங்கும். சுவரிலேயே பலவீனமான இடம் வாசல்தான், ஏனென்றால் அங்கே சுவர் இல்லை. இரண்டு பக்கமும் வரும் பாரம் நிலைக்கல்லில் இறங்குகிறது. பக்கத்திலேயே அகழி தோண்டியிருந்தால் அடிமண் ஈரம். ஒரு மழை போதும். பகலில் நிற்பதும் ராத்திரியில் விழுவதும்கூட மர்மம் இல்லை: ராத்திரியில் பார்க்க ஆள் இல்லை, காலையில் வந்தவன் கண்ணில் பட்டது விழுந்த சுவர். இது என் ஊகம்தான், ஆனால் மண் வீடு கட்டிய தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இப்படி ஒரு விளக்கம் கிடைக்காதபோது, அல்லது கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காதபோது, அந்த இடத்தில் கதை வந்து உட்காருகிறது.

2023 ஜனவரி 10-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். நாகவாரா பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில், கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ தூணின் இரும்புக் கம்பிக் கூடு சாய்ந்து ஸ்கூட்டர் மேல் விழுந்தது. சாஃப்ட்வேர் எஞ்சினியரான ஒரு பெண்ணும் அவருடைய இரண்டரை வயது மகனும் இறந்தார்கள். கணவரும் மகளும் பிழைத்தார்கள். உங்களில் பலர் அந்த ரோட்டில் ஆபீஸ் போகிறவர்கள். 'மெட்ரோ பலி கேட்டது' என்று அன்று யாரும் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் வரவில்லை. கூட்டுக்குப் போதுமான பிடிமானம் இல்லாததுதான் பிரச்சினை என்று ஆய்வு சொன்னது. கேள்வி ஒப்பந்ததாரரிடமும் அதிகாரிகளிடமும் போனது. விளக்கம் இருந்ததால் கோபம் போக வேண்டிய திசை தெரிந்தது.

விளக்கம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் உதாரணம். பத்மா நதியின் குறுக்கே 6.15 கிலோமீட்டர் நீளப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாலம் நிற்க மனிதத் தலைகள் தேவை, அதற்குக் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று 2019-இல் ஃபேஸ்புக்கில் வதந்தி பரவியது. அரசு மறுத்தது. ஆனால் அந்த ஜூலைக்குள் 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று சந்தேகப்பட்ட எட்டுப் பேரை ஜனங்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க விசாரிக்கப் போன ஒரு தாயும் அதில் ஒருவர். 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தா பக்கம் ஹூக்ளி நதியில் பாலம் கட்டியபோதும் இதே வதந்தி இருந்தது. லட்சுமம்மா கதையின் அதே எலும்புக்கூடுதான்: கட்டுமானம், பலி, அப்பாவி உயிர். கோரமங்கலாவில் இறந்தவளுக்கு விளக்கேற்ற வைத்த கதை, டாக்காவில் உயிரோடு இருந்தவளைக் கொன்றது.

அது எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2018 மே 23 அன்று, பெங்களூரு கோட்டையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், சாமராஜ்பேட்டை வட்டாரத்தில், வேலை தேடி ராஜஸ்தானிலிருந்து வந்த 26 வயது இளைஞரைக் குழந்தை கடத்துபவர் என்று சொல்லிக் கட்டி இழுத்து அடித்தார்கள். அவர் இறந்துபோனார். அதற்கு இரண்டு வாரம் முன்பு நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்குப் போன குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்தார். இரண்டுக்கும் முன்னால் ஓடியது வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆன ஒரே மாதிரியான செய்தி. அதில் பாலமோ கோட்டையோ இல்லை. வெளியூர்க்காரன், பிள்ளை, பலி என்ற பழைய கணக்கு மட்டும் இருந்தது.

ஏழு கதைகளில் பலியானவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் என்று பார்த்தோம். இங்கே இறந்தவர்களும் ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, கன்னடம் அரைகுறையாகப் பேசி, பி.ஜி.யில் தங்கியிருக்கும் உங்களுக்கும் எனக்கும் இது ரொம்பத் தள்ளி இருக்கிற விஷயம் இல்லை.

கர்நாடகா 2017-இல் மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களையும் பில்லி சூனியத்தையும் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நரபலியும், அதற்குத் தூண்டுவதும் அதில் வருகிறது. லட்சுமம்மா கதையைச் சொல்வது அதில் குற்றம் இல்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். அவரை மறந்துவிட்டால் 1537-ஐப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரே பெண் பெயரும் போய்விடும்.

பார்க்கப் போகிறீர்கள் என்றால்

ஞாயிற்றுக்கிழமை காலை டெல்லி கேட்டில் ஆரம்பிக்கலாம். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கிருந்து சுவர் உடைந்த இடத்துக் கல்வெட்டு ரொம்பப் பக்கம். பிறகு கோரமங்கலா ஆறாவது பிளாக், லட்சுமம்மா சமாதி. நேரம் இருந்தால் அப்படியே மடிவாளா வரைக்கும் போங்க. ஊருக்குப் பஸ் ஏற நீங்கள் நூறு தடவை போன இடம்தான், ஆனால் சோமேஸ்வரர் கோயில் வெளிச்சுவரைப் பார்த்திருக்க மாட்டீங்க. அதில் இருப்பவை தமிழ்க் கல்வெட்டுகள். 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 'வெங்களூர்ப் பெரிய ஏரி'க்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த ஏரி நிற்க யார் பலியானார்கள் என்று அதில் எதுவும் இல்லை. நிலம், எல்லை, கொடுத்தவர் ஊர், அவ்வளவுதான்.